தவளைத் தோலிடம் வாங்கிய கடன்

"தவளை தன் வாயால் கெடும்" என்று ஒரு பழமொழி. கத்திக் கத்தியே தான் இருக்கும் இடத்தைப் பாம்புக்குக் காட்டிக் கொடுத்துவிடுமாம். உண்மைதான். ஆனால் தவளைக்கு வாயைவிடப் பெரிய பலவீனம் ஒன்று இருக்கிறது. அதன் தோல். விசித்திரம் என்னவென்றால், அதே தோல்தான் அதன் பெரிய பலமும்.

தவளை நம்மைப் போல வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுத்தால் ஈரமான இடத்தில் போய் வயிற்றையும் பின்தொடைப் பக்கத்தையும் அழுத்திக்கொண்டு உட்காரும். தண்ணீர் தோல் வழியே உள்ளே போய்விடும். மூச்சுக்காற்றில் ஒரு பகுதியும் தோல் வழியேதான். இத்தோடு இன்னொரு வேலையையும் இந்தத் தோல் இரவு பகலாகச் செய்கிறது. உப்பை, அதாவது சோடியம், குளோரைடு அயனிகளை, தண்ணீரிலிருந்து பொறுக்கி இரத்தத்துக்குள் சேர்க்கிறது. இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது. அந்த வேலைக்கும் காரைக்கால் கடற்கரையில் இருக்கும் கிளிஞ்சல்மேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பற்றியதும்கூட.

இரண்டு தண்ணீருக்கு நடுவில் ஒரு ஊர்

கிளிஞ்சல்மேடு காரைக்காலில் உள்ள மீனவ கிராமம். புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது, ஆனால் காரைக்காலைச் சுற்றி இருப்பது முழுக்கத் தமிழ்நாடு. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே காவிரியின் கிளையாறுகள் வந்து முடியும் கடைமடை வயல்கள். ஒரு பக்கம் குடித்தால் குமட்டும் தண்ணீர், மறுபக்கம் நெல்லை விளைவிக்கும் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் கிடையாது.

ஊர்ப்பெயரிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. கடற்கரையில் 'மேடு' என்று முடியும் ஊர்கள் பல உண்டு. காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு என்று பக்கத்திலேயே இருக்கின்றன. மணல்மேட்டில் பெய்யும் மழை அடியில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய நல்ல தண்ணீராக மிதந்து நிற்கும். கடலை ஒட்டிய ஊரில்கூட ஆழமில்லாத கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும் ரகசியம் இதுதான். மனிதர்கள் இந்தக் கரையில் குடியிருக்க முடிந்தது இந்தத் தண்ணீரால். ஐப்பசி மழையில் குளத்தோரம் கச்சேரி வைக்கும் தவளைகளும் தேரைகளும் இருக்க முடிந்ததும் இதே தண்ணீரால்தான்.

சரி, நல்ல தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் தவளைக்கு என்ன பிரச்சினை? நிறைய. அதன் இரத்தத்தில் உள்ள உப்பின் அளவு சுமார் 0.6 சதவீதம் உப்புக் கரைசலுக்குச் சமம் (நமக்கு 0.9). குளத்து நீரில் அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. இயற்கையின் விதிப்படி உப்பு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குக் கசியும். தண்ணீர் எதிர்த்திசையில் உள்ளே புகும். அதாவது தவளையின் உடம்பு ஓயாமல் உப்பை இழந்துகொண்டும் தண்ணீரால் நிரம்பிக்கொண்டும் இருக்கிறது. தண்ணீரை வெளியேற்ற சிறுநீரகம் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுநீரோடும் கொஞ்சம் உப்பு போகிறது. செலவு மட்டும் இருந்து வரவு இல்லாத கடை எத்தனை நாள் ஓடும்? அந்த வரவைக் கொண்டுவருவதுதான் தோலின் வேலை.

தோலுக்குள் ஒரு பேரேடு

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் சுலபமாகப் புரியும். அறிவியல் பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க :)

தோலின் வெளிப்பக்கத்தில் சோடியம் மட்டும் நுழையக்கூடிய நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. செல்லின் உட்புறத்தில் சோடியம் குறைவாகவும், மின்னழுத்தம் எதிர்மறையாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. நேர்மின் கொண்ட சோடியம் அதனால் ஈர்க்கப்பட்டு உள்ளே வருகிறது. வந்த சோடியத்தை செல்லின் உட்பக்கச் சுவரில் உள்ள ஒரு பம்பு இரத்தப் பக்கம் தள்ளுகிறது. ஒரு சுற்றுக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. கூலி 1 ஏ.டி.பி. மூலக்கூறு. உள்ளே வந்த பொட்டாசியம் வந்த பக்கமே கசிந்து போய்விடும். மிச்சக் கணக்கைப் பார்த்தால் சோடியம் ஒரே திசையில், குளத்திலிருந்து இரத்தத்துக்கு, நகர்ந்திருக்கும்.

இதில் இரட்டைப் பதிவு முறையும் உண்டு. சோடியத்துக்கு நேர்மின் இருக்கிறது. அது மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் மின்கணக்கு இடிக்கும். ஆகவே ஒவ்வொரு சோடியம் உள்ளே வரும்போதும் ஒன்று ஒரு குளோரைடு கூடவே வர வேண்டும், அல்லது வேறொரு நேர்மின் அயனி வெளியே போக வேண்டும். குளத்து நீர் மிகவும் நீர்த்துப் போயிருக்கும்போது தோலில் உள்ள சில தனிவகைச் செல்கள் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, அதனால் உண்டாகும் மின்னழுத்தத்தைக் கொண்டே சோடியத்தை உள்ளே இழுக்கின்றன. குளோரைடை உள்ளே எடுக்கும்போது பைகார்பனேட்டைக் கொடுத்து ஈடுகட்டும் வழியும் இருக்கிறது. பற்றும் வரவும் சமமாகாமல் இந்தப் பேரேட்டில் எந்தப் பக்கமும் முடிவதில்லை.

கணக்கு டேலி ஆன கதை

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது? 1848-லேயே ஜெர்மானியர் எமில் டு புவா-ரேமோன் தவளைத் தோலின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே மின்னழுத்தம் இருப்பதைக் கண்டார். ஏன் என்பது அப்போது விளங்கவில்லை. 1935-ல் எர்ன்ஸ்ட் ஹுஃப், உடலிலிருந்து பிரித்த தோல்கூட உயிரோடு இருக்கும்வரை உப்பை வெளியிலிருந்து உள்ளே கடத்துகிறது என்று காட்டினார். 1937-ல் டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக் (1920-லேயே நோபல் வாங்கியவர்) உயிருள்ள தவளைகளை ஓடும் காய்ச்சி வடித்த நீரில் பல நாள் வைத்து, அவற்றின் உப்பைக் கரைய விட்டார். பிறகு மிக மிக நீர்த்த உப்புக் கரைசலில் விட்டார். உப்புப் பசியில் இருந்த தவளைகள் அந்தத் துளி உப்பையும் தோல் வழியே இழுத்துக்கொண்டன.

அடுத்து வந்தவர் க்ரோக்கின் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ஹான்ஸ் உஸ்ஸிங். 1951-ல் அவரும் கார்ல் ஸெரானும் கோபன்ஹேகனில் செய்த சோதனை, ஒரு நல்ல ஆடிட்டர் செய்யும் வேலை போன்றது. இரண்டு அறைகளுக்கு நடுவில் தவளைத் தோலை விரித்துக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் ஒரே உப்புக் கரைசல். தோல் உண்டாக்கும் மின்னழுத்தத்தையும் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பூஜ்யமாக்கினார்கள். இப்போது உப்பு நகர்வதற்கு வெளிக்காரணம் எதுவும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனாலும் சோடியம் வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது! கதிரியக்க சோடியத்தைக் கொண்டு எத்தனை போகிறது, எத்தனை திரும்புகிறது என்று எண்ணினார்கள். மீட்டர் காட்டிய மின்சாரமும், எண்ணிய சோடியத்தின் நிகரக் கணக்கும் ஒத்துப்போயின. டேலி!

தோல் வெறும் உறை இல்லை, உயிர்ச்சக்தியைச் செலவழித்து அயனிகளைக் கடத்தும் ஒரு தொழிற்சாலை என்பது அன்றைக்கு உறுதியானது. 1957-ல் அதே டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ, நண்டின் நரம்பில் அந்த சோடியம்-பொட்டாசியம் பம்பைக் கண்டார். அதற்கு 1997-ல் வேதியியல் நோபல். 1958-ல் வல்போர் கோஃபோத்-யோன்சென் என்ற பெண் விஞ்ஞானியும் உஸ்ஸிங்கும் மேலே சொன்ன 'வெளியே வாசல், உள்ளே பம்பு' என்ற மாதிரியை வெளியிட்டார்கள். இன்றும் பாடப்புத்தகங்களில் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் வரையும் படம் அதன் வாரிசுதான்.

இங்கே ஒரு வேதனையான வேடிக்கை. நம் ஊர்க் கல்லூரி விலங்கியல் ஆய்வகங்களில் பல தலைமுறை மாணவர்கள் தவளையை அறுத்துப் படித்தார்கள். 2011-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும்வரை அது சடங்கு மாதிரி நடந்தது. மெழுகுத் தட்டில் மல்லாக்கப் படுக்கவைத்து முதலில் செய்வது என்ன? தோலை வெட்டி, இரண்டு பக்கமும் விரித்து, குண்டூசி குத்தி ஒதுக்கிவிடுவது. பிறகுதான் 'பாடம்' ஆரம்பிக்கும். தவளை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பெரிய பாடங்களில் ஒன்று, அந்த ஒதுக்கப்பட்ட தோலில் இருந்தது.

அந்தக் கணக்கு காரைக்காலுக்கு வந்தது

"டென்மார்க்கில் யாரோ தவளைத் தோலைக் கட்டி வைத்து மின்சாரம் அளந்தால் நமக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்வி. காமர்ஸ் மாணவன் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? பதிலும் கணக்காகவே இருக்கிறது.

உஸ்ஸிங்கின் இரட்டை அறைக் கருவியில் தோலுக்குப் பதில் குடலைக் கட்டலாம் என்று மற்றவர்களுக்குத் தோன்றியது. குளுக்கோஸும் சோடியமும் குடலுக்குள் கைகோத்து நுழைகின்றன என்று 1960-ல் ராபர்ட் கிரேன் ஒரு கருத்தைச் சொன்னார். 1964-ல் ஷுல்ட்ஸும் ஸலுஸ்கியும் முயலின் சிறுகுடலை உஸ்ஸிங் முறையில் அளந்தார்கள். குளுக்கோஸ் சேர்த்ததும் சோடியத்தின் மின்னோட்டம் ஏறியது.

காலரா வந்தவரின் குடல், உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்டுகிறது. அதற்குக் காரணமான நஞ்சைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959-ல் நிரூபித்திருந்தார். ஆனால் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து நுழையும் வாசலை அந்த நஞ்சு மூடுவதில்லை. அப்படியென்றால் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் போதும், சோடியம் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953-லேயே காலரா நோயாளிகளுக்கு இப்படிக் குடிக்கக் கொடுத்து லான்செட் இதழில் எழுதினார். உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஏன் வேலை செய்கிறது என்று காட்டும் கணக்கு அப்போது கையில் இல்லை.

1968-ல் டாக்காவில் சோதனைகள் வெற்றி பெற்றன. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழி ஏற்றும் சலைன் தீர்ந்து போனது. டாக்டர் திலீப் மகாலனபிஸ், குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா கலந்த கரைசலைப் பெரிய பாத்திரங்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். முகாமில் 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. 2022-ல் அவர் மறைந்தார். 2023-ல் பத்ம விபூஷண் கிடைத்தது, அவர் இல்லாமல்.

அந்தக் கரைசலின் இன்றைய வடிவம்தான் மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் அளவில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. பார்க்க அல்பமாக இருக்கும். ஆனால் 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவித்து, பள்ளி கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்களே, நினைவிருக்கிறதா? அந்த மாதிரி நேரத்தில் வயிற்றுப்போக்கு கண்டவருக்கும் சாவுக்கும் நடுவில் முதலில் போய் நிற்பது இந்தப் பாக்கெட்தான்.

ஓ.ஆர்.எஸ். முழுக்கத் தவளை கொடுத்த வரம் என்று சொன்னால் அது மிகை. டாக்காவிலும் கல்கத்தாவிலும் உழைத்த மருத்துவர்களின் பங்கு பெரியது. ஆனால் 'உயிருள்ள ஒரு சவ்வு அயனிகளை எப்படிக் கடத்துகிறது' என்பதை அளக்கும் முறை தவளைத் தோலில்தான் உருவானது. இந்தப் பேரேட்டில் தவளையின் பெயரில் ஒரு வரவு இருக்கிறது. நம் பெயரில் ஒரு கடன் இருக்கிறது.

ஏற்றுமதி லைசென்ஸ் இல்லாத கடை

இனி, கடனைத் திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று பார்க்கலாம்.

தவளைத் தோலின் பம்பு ஒருவழிப் பாதை. உப்பை இறக்குமதி செய்யத் தெரியும், ஏற்றுமதி செய்யத் தெரியாது. கடற்பறவைகளுக்கு உப்பை வெளியேற்றத் தனிச் சுரப்பி இருக்கிறது. கடல்மீன்களுக்குச் செவுளில் வசதி இருக்கிறது. வளர்ந்த தவளைக்கு இரண்டும் இல்லை. தன் இரத்தத்தைவிட உப்பான சிறுநீரைக் கழிக்கவும் அதன் சிறுநீரகத்தால் முடியாது. ஆகவே குளத்து நீர் இரத்தத்தைவிட உப்பாகிவிட்டால் கதை தலைகீழ். தண்ணீர் தோல் வழியே வெளியே ஓடும், உப்பு உள்ளே ஏறும். கடல்நீரின் அடர்த்தி தவளை இரத்தத்தைப் போல நாலு மடங்கு. கடலில் விழுந்த தவளை, தண்ணீருக்கு நடுவிலேயே வற்றிச் சாகும். நடுக்கடல் தீவுகளில் தவளைகள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு 1859-லேயே டார்வின் காட்டிய காரணமும் கடல்நீர்தான்.

"உப்புத் தண்ணீரில் வாழும் தவளையும் இருக்கிறதே?" என்று கேட்கலாம். இருக்கிறது. தென்கிழக்காசியச் சதுப்பு நிலக் காடுகளில் நண்டுண்ணும் தவளை என்று ஒன்று. நம் அந்தமான் நிக்கோபாரிலும் உண்டு. 1961-ல் வெளிவந்த ஆய்வின்படி, வளர்ந்த தவளை லிட்டருக்கு 28 கிராம் உப்புள்ள நீரிலும் தாங்குகிறது (கடல்நீரில் சுமார் 35). ஆனால் அது உப்பை வெளியேற்றி ஜெயிக்கவில்லை. சுறாவைப் போல இரத்தத்தில் யூரியாவை ஏற்றிக்கொண்டு, தண்ணீர் வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்கிறது. அது விதிவிலக்கு. கிளிஞ்சல்மேட்டுக் குளத்தோரத் தேரைக்கு அந்த வித்தை தெரியாது. தோல் இன்னும் முற்றாத முட்டைக்கும் தலைப்பிரட்டைக்கும் நிலைமை அதைவிட மோசம்.

அயனிக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி உலகம் முழுக்கக் கிடக்கிறது. 1998-ல் அடையாளம் காணப்பட்ட ஒரு பூஞ்சை, தவளைகளின் தோலில் வளர்கிறது. தோலில் ஒட்டிய பூஞ்சை எப்படி உயிரைக் குடிக்கிறது என்பது 2009-ல் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகளை ஆராய்ந்தபோது தெரிந்தது. நோயுற்ற தோலின் சோடியம், குளோரைடு கடத்தல் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. இரத்தத்தில் சோடியம் சுமார் 20 சதவீதமும் பொட்டாசியம் சுமார் 50 சதவீதமும் சரிந்தன. முடிவில் இதயம் நின்றது. 2019 கணக்குப்படி இந்த நோயால் 501 இனங்கள் நலிந்தன, அவற்றில் 90 அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் 2011-ல் அந்தப் பூஞ்சை பதிவாகியிருக்கிறது. தோலின் கணக்குப்புத்தகம் கிழிந்தால் கடை மூடப்படும், அவ்வளவுதான்.

டெல்டாக் கரையில் நடப்பது பூஞ்சை இல்லை, உப்பு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி ஒரே நாளில் காரைக்கால் கரையில் மனித உயிர்களைக் கொண்டு போனது. கிளிஞ்சல்மேடும் தப்பவில்லை. வந்த கடல்நீர் வயலிலும் குளத்திலும் உப்பை விட்டுப் போனது. ஆனால் சுனாமி உப்பைப் பின்னால் வந்த மழைகள் கழுவும். தினம் தினம் ஏறும் உப்பை யார் கழுவுவது? மோட்டார் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல் அடியில் நகர்ந்து வருகிறது. இதற்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், அதற்கு அடியில் சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு மீட்டர் குறைத்தால் அடியில் உப்பு நாற்பது மீட்டர் ஏற வழி செய்கிறோம் என்று அர்த்தம். வட்டிக்கு வாங்கியவன்கூட இந்த விகிதத்தில் மாட்டிக்கொள்ள மாட்டான்.

இறால் பண்ணைகளும் உண்டு. விளைநிலமும் குடிநீரும் உப்பாவதைப் பற்றித் தமிழ்நாட்டின் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடுமையான தீர்ப்பு கொடுத்தது. 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிர்வளர்ப்புச் சட்டம் பண்ணைகளை உரிமம், ஒழுங்குமுறை என்ற பாதைக்குக் கொண்டுவந்தது. உரிமம் தாளில் இருக்கும். உப்பு தண்ணீரில் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பது அபூர்வம்.

"மனுஷனுக்கே தண்ணி இல்ல..."

"மனுஷனுக்கே நல்ல தண்ணி இல்ல, தவளைக்கு வக்காலத்தா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். கேள்வியில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. தவளைக்கு ஒரு தண்ணீர், மனிதனுக்கு ஒரு தண்ணீர் என்று இந்தக் கரையில் இரண்டு கிடையாது. மணல்மேட்டின் மேல் மிதக்கும் அந்த ஒரே மெல்லிய நல்ல தண்ணீரைத்தான் கிணறும் குளமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. குடிக்கும் தண்ணீர் லேசாகக் கரித்தால் நாம் கேன் வாங்குவோம், குழாய் வரும் ஊருக்குக் குடிபோவோம். நமக்கு மாற்று உண்டு. அதனால்தான் நமக்கு உறைப்பதும் தாமதம். தவளைக்கு மாற்றுக் கடை கிடையாது. குளம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அதே கணக்கில்தான் அதன் உடம்பும். அந்த வகையில் தவளை, கம்பெனி விவகாரத்தை மூடி மறைக்கத் தெரியாத நேர்மையான கணக்கப்பிள்ளை.

தவளை கொசு தின்னும், அதனால் காப்பாற்றுவோம் என்ற வாதத்தை இங்கே வேண்டுமென்றே வைக்கவில்லை. லாபம் காட்டினால்தான் ஒரு உயிர் வாழலாம் என்றால் நம்மில் பலருக்கும் சிக்கல்தான். கடன் என்பது வேறு விஷயம். கடன் கொடுத்தவன் இன்னும் நமக்கு உபயோகப்படுகிறானா என்று பார்த்து யாரும் கடனை அடைப்பதில்லை.

செய்யக்கூடியது

2019-ல் காரைக்காலில் 'நம் நீர்' என்ற பெயரில் குளங்களைத் தூர்வாரினார்கள். நல்ல காரியம். பாராட்ட வேண்டும். ஆனால் எந்த ஊரில் தூர்வாரினாலும் செய்தியில் வருவது எத்தனை குளம், எவ்வளவு ஆழம் என்பதுதான். தண்ணீர் எவ்வளவு கரிக்கிறது என்பது வருவதில்லை. கடற்கரை ஊர்களில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இங்கே ஆழமாக வெட்டுவதே ஆபத்தாகலாம். கண்மூடித்தனமாகத் தோண்டினால் மேலே மிதக்கும் நல்ல தண்ணீரைத் தாண்டி உப்பைத் தொட்டுவிடுவோம்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் பேனா அளவிலான டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை, கத்திரி வெயில் முடியும்போது ஒன்று, தை பிறந்ததும் ஒன்று, ஊர்க் குளங்களில் அளந்து, குளக்கரையில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். இதற்கு விஞ்ஞானி வேண்டாம். என்.எஸ்.எஸ். மாணவர்கள் போதும். ரேஷன் கடையில் இருப்புப் பலகை எழுதுகிறோம், குளத்துக்கு எழுதக் கூடாதா? இரண்டு வருடப் பதிவு இருந்தால் எந்தக் குளத்தில் உப்பு ஏறுகிறது, எந்த மோட்டாருக்குப் பக்கத்தில் ஏறுகிறது, எந்தப் பண்ணையின் வடிகால் எங்கே போய் முடிகிறது என்று ஊரே படித்துத் தெரிந்துகொள்ளும். கிராமசபையிலோ அதிகாரியிடமோ பேசப் போகும்போது "தண்ணி கெட்டுப் போச்சு சார்" என்று மட்டும் சொல்ல வேண்டியதில்லை. கையில் ஏடு இருக்கும்.

கூடவே இன்னொரு பதிவும் வேண்டும். முதல் மழைக்கு எந்தக் குளத்தில் தவளை கத்தியது, எதில் கத்தவில்லை. மீட்டர் அன்றைய நிமிடத்தின் உப்பைச் சொல்லும். முட்டையிட்டு, தலைப்பிரட்டையாகி, கால் முளைத்துக் கரையேறும் அத்தனை வாரங்களும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்ததா என்பதைத் தவளைதான் சொல்லும்.

குளங்களுக்கு மழைநீர் வரும் வாய்க்கால்களைத் திறந்து வைப்பதும், கடலோரக் கிணறுகளில் உறிஞ்சும் அளவுக்கு ஒரு வரம்பு போடுவதும், இறால் குட்டை நீர் நல்ல தண்ணீர்க் குளத்தில் கலக்காமல் தடுப்பதும் அடுத்தடுத்த வேலைகள். எதுவும் புதிதல்ல. எல்லாம் பேசிப் பேசிப் பழசானவை. புதிதாக வேண்டியது அந்த எண்கள் மட்டும்தான், அதுவும் ஊர்க்காரர்களே எழுதிய எண்கள்.

ஒரு சதுர அங்குலத் தோலைக் கொண்டு உயிரின் வரவு செலவை நமக்குச் சொல்லிக் கொடுத்த பிராணி தவளை. அந்தப் பாடத்தில் பிழைத்த மனிதர்கள் கோடிக்கணக்கில். பதிலுக்கு அது கேட்பது பணமோ சரணாலயமோ இல்லை. தன் இரத்தத்தைவிட உப்புக் குறைந்த ஒரு குளம். கிளிஞ்சல்மேட்டு மனிதர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதேதான்.